விரலுக்குச் சொன்ன பாடம்

அறுபத்தைந்து வயதில் என்னை ஒரு செல்போன் 'அரும்பு' நிலையில் உட்கார வைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே ஒப்புக்கொள்வது மரியாதை.

பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவர்களுக்கு அரும்பு என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். இப்போது சின்ன வகுப்புப் பிள்ளைகளை, அவர்களுக்கு என்ன தெரியும் என்பதைப் பார்த்து மூன்று கூட்டமாகப் பிரிக்கிறார்கள். எழுத்தே இன்னும் பிடிபடாத பிள்ளை அரும்பு. சொற்களை வாசிக்கிற பிள்ளை மொட்டு. கடகடவென்று கதை வாசிக்கிற பிள்ளை மலர். நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அதே பள்ளிக்குப் போயிருந்தேன். அங்கே இப்போது இருக்கிற கார்த்திகா டீச்சர், பிள்ளைகளைச் சோதிக்கிற செயலியைத் திறந்து என் கையில் கொடுத்து, நீங்களும் ஒரு தடவை செய்து பாருங்கள் என்றார். திரையில் ஒரு சொல் வரும், அதற்குரிய படத்தைத் தொட வேண்டும். 'தவளை' என்று வந்தது. கைநாட்டு வைப்பதுபோலக் கட்டைவிரலை அமுக்கினேன். அது பக்கத்தில் இருந்த தக்காளியில் விழுந்தது. அதைச் சரிசெய்யப் போன நேரத்தில் அடுத்த சொல் வந்துவிட்டது. அதற்கும் தக்காளி. கடைசியில் பத்துக்கு மூன்று. செயலி ஒரு மணியை அடித்து, ஓர் அரும்பின் படத்தைக் காட்டி, என் தகுதியை அறிவித்தது. இரண்டாம் வகுப்பு மொத்தமும் கைதட்டியது. ஒரு பொடிசு நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டு, "இங்கன உக்காருங்க தாத்தா, இதுதான் அரும்பு வரிசை" என்றது. உட்கார்ந்தேன்.

எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் செல்போன் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை என்று எனக்குத் தெரியும்.

கார்த்திகா டீச்சர் என்னை வரச்சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஒன்றியத்து இளம் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை, அந்தக் காலத்தில் எப்படிச் சொல்லிக்கொடுத்தோம் என்று எழுதித் தர வேண்டும். நீங்கள் வேடிக்கையாக எழுதுவீர்கள் சார், கூட்டத்தில் நீங்கள் பேசினால் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன் என்றார். அவர் கேள்விப்பட்டது உண்மை. முப்பத்தாறு வருடத்தில் நான் குறையில்லாமல் செய்த வேலை அது ஒன்றுதான்.

எழுதுவதற்கு முன் இப்போது என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாமே என்றுதான் இரண்டாம் வகுப்பில் ஒரு பொழுது முழுக்க உட்கார்ந்தேன். பள்ளி திறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மலைப்பக்கம் இருந்து சாரல் வந்து ஜன்னல் கம்பியை நனைத்துக்கொண்டிருந்தது. ஒரு கூட்டம் விளக்குமாற்றுக் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டியது. மூன்று கட்டு, நாலு உதிரி என்று எண்ணி, முப்பத்து நான்கு என்று எழுதியது. இன்னொரு கூட்டம் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு சொல் எழுதி, நொண்டி விளையாடியது. கட்டத்தில் கால் வைக்கும் முன் அதில் உள்ள சொல்லை வாசிக்க வேண்டும். வாசிக்காமல் குதித்த ஒருத்தியை மற்றவர்கள் பாவாடையைப் பிடித்து இழுத்துத் திரும்ப நிறுத்தினார்கள். மூன்றாவது கூட்டம் ஒவ்வொருவராக டீச்சரிடம் வந்து, செல்போனில் தெரிகிற சொல்லை வாசித்தது. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஒரு பிள்ளைக்கு வந்த சொல் அடுத்த பிள்ளைக்கு வரவில்லை. முன்னால் நிற்கிறவள் சொல்வதைக் காதில் வாங்கி ஒப்பிக்க வழியே இல்லை.

அதைப் பார்த்ததும் அந்தச் சாரலிலும் எனக்கு வேர்த்துவிட்டது. கார்த்திகா டீச்சர் ஃபேனைப் போட்டார். அவருக்கு நான் எழுதித் தருவதாகச் சொன்ன வேடிக்கைக் கட்டுரை அங்கேயே செத்துப்போயிற்று. இது வேறு கட்டுரை.

பயிற்சிக் காலத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். எனக்கு ஞாபகம் இருப்பதே அவ்வளவுதான். கரும்பலகையில் எழுதும்போது வகுப்புக்கு முழு முதுகையும் காட்டக் கூடாது. எழுத்து கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும். பாடக்குறிப்பில் 'ஆர்வமூட்டல்' என்ற தலைப்பைச் சிவப்பு மையில் அடிக்கோடிட வேண்டும். ஆர்வத்தை எப்படி ஊட்டுவது என்று யாரும் சொன்னதாக நினைவில்லை. என் அடிக்கோடு மட்டும் ஸ்கேல் இல்லாமலே நேராக வரும்.

வேலை கிடைத்தது ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில், சுற்றிலும் திராட்சைப் பந்தல் உள்ள ஓர் ஈராசிரியர் பள்ளியில். நான் ஓய்வு பெற்றதும் அங்கேயேதான். ஈராசிரியர் என்பது பெயர்ப்பலகையில்தான். இரண்டாவது ஆள் வருவார், மாறுதல் வாங்கிப் போவார், பிறகு வருடக்கணக்கில் வரமாட்டார். ஒரே கூடத்தில் ஐந்து வகுப்பு. நான் கண்டுபிடித்த வழி, கண்டுபிடித்தது என்றால் எனக்கு முன் ஆயிரம் பேர் கண்டுபிடித்ததுதான், ஒரே குரலாகச் சொல்ல வைப்பது. நான் ஒரு வரி சொல்வேன், கூடமே திருப்பிச் சொல்லும். மூன்றாம் வகுப்புப் பாடம் ஒன்றாம் வகுப்புக்கும் மனப்பாடம், பந்தலில் வேலை செய்கிறவர்களுக்கும் மனப்பாடம். சத்தம் கேட்கிறவரை பள்ளிக்கூடம் நடக்கிறது என்று ஊருக்கு நிம்மதி. சத்தம் நின்றால்தான் யாராவது எட்டிப் பார்த்து, "வாத்தியார் சார் அசந்துட்டாக போல" என்பார்கள்.

என் பிள்ளைகள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் வாசிப்பார்கள். இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்றால் நம்புவீர்களா? திரிந்தேன்.

பாண்டீஸ்வரி அந்தக் கூடத்துக்கு ஒன்றாம் வகுப்பில் வந்தவள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்பா வேலுச்சாமி பந்தல் தோட்டத்தில் கூலி. இந்தப் பிள்ளையின் காதைப்போல ஒரு காதை நான் பார்த்ததில்லை. ஒரு தடவை கேட்டால் போதும். மூன்றாம் வகுப்புக்கு வருவதற்குள், நான் சொல்ல வேண்டியதை அவளே முன்னால் நின்று சொல்லி மற்றவர்களைச் சொல்ல வைக்கிற அளவுக்கு ஆகிவிட்டாள். எனக்கு அரை ஆள் கிடைத்ததுபோல இருந்தது. வருகைப் பதிவேடு, அரிசிக் கணக்கு, ஆபீஸ் கேட்கிற புள்ளிவிவரம் எல்லாவற்றையும் அந்த நேரத்தில் முடித்துக்கொள்வேன்.

ஒருநாள் அவள் 'சந்தைக்குப் போன ஆடு' பாடத்தைப் புத்தகம் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். சோற்றுப் பருக்கையோ என்னவோ பட்டு, அவள் புத்தகத்தில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைச் சேர்த்தே திருப்பினாள். திருப்பினவள், ஒட்டிக்கிடந்த தாளுக்குள்ளே இருக்கிற வரிகளை ஒரு சொல் தவறாமல் வாசித்துக்கொண்டு போனாள். அவள் கண் முன்னால் விரிந்து கிடந்தது பூசணிக்காய்ப் படம் போட்ட அடுத்த பாடம். எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புத்தகத்தை வாங்கி, 'ஆடு' என்ற சொல்லைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அடுத்த வரி சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடம் அவளை நான் கையில் வைத்திருந்தேன். அவளுக்கு எழுத்து தெரியாது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் என்ன செய்தேன்? மாதாந்திரக் கூட்டத்தில் போய், ஒட்டின தாளுக்குள் வாசிக்கிற ஞானக்கண் உள்ள பிள்ளை எங்கள் பள்ளியில் இருக்கிறது என்று சொன்னேன். நல்ல சிரிப்பு. டீ வந்து ஆறிப்போகிற வரைக்கும் சிரித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வட்டாரத்துக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்தார். பள்ளிகளைப் பார்வையிடுகிறவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற அதிகாரிகள் ஜீப்பில் வருவார்கள். சத்தம் முன்னால் வரும், அவர்கள் பின்னால் வருவார்கள். இவர் மினி பஸ்ஸில் வருவார். செருப்பைப் பிள்ளைகளின் செருப்பு வரிசையில் கடைசியில் விடுவார். நாற்காலி போட்டால் உட்காரமாட்டார். பாயில் பிள்ளைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்காருவார். நாம் நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் குனிந்தே இருக்க வேண்டும். தண்ணீர்கூட அவருடையது, தோளில் தொங்கும். பதிவேடுகளைக் கேட்கமாட்டார். வகுப்பு மொத்தத்தையும் பார்த்து ஒரு கேள்விகூடக் கேட்கமாட்டார். ஒரே ஒரு பிள்ளையைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கடைசியில் மேற்பார்வைக் குறிப்பேட்டில் எழுதும்போது, எழுதுவதை நமக்குக் கேட்கிற மாதிரி மெல்ல வாசித்துக்கொண்டே எழுதுவார்.

மினி பஸ் கண்டக்டர் என் பழைய மாணவன். அவன் மூலமாகத்தான் எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் செய்தி போகும். அடுத்த வாரம் உங்கள் பள்ளிதான் சார், மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறாராம், புத்தகத்தில் விரல் வைத்து வாசிக்கச் சொல்லி விரலைத்தான் பார்க்கிறாராம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

எனக்கு நாலு நாள் இருந்தது.

மூன்றாம் வகுப்பில் பதினொரு பிள்ளைகள். தட்டுத் தடுமாறி உண்மையாகவே வாசிக்கிற பிள்ளைகள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரை முன்னால் விட்டிருக்கலாம். தடுமாற்றம் எனக்கு அவமானமாகப் பட்டது. பாண்டீஸ்வரி தடுமாறமாட்டாள். அவளிடம் இல்லாதது விரல் மட்டும்தான். ஆகவே நான் அவள் விரலுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன்.

எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் பாடத்தைச் சொல்லச் சொல்ல, நான் பெஞ்சில் ஸ்கேலால் தட்டுவேன். சொல்லுக்கு ஒரு தட்டு. தட்டுக்கு ஒரு தடவை விரல் அடுத்த கறுப்புக் கூட்டத்துக்குத் தாவ வேண்டும். இடையில் உள்ள வெள்ளையில் விரல் நிற்கக் கூடாது. வரி முடிந்தால் இரண்டு தட்டு, விரல் இடது கைப்பக்கம் ஓடிவந்து ஒரு படி இறங்க வேண்டும். 'மழை நின்றது' என்கிற இடத்தில் தாளைத் திருப்ப வேண்டும். முதல் நாள் விரல் முந்திப் போயிற்று. இரண்டாம் நாள் வாய் முந்தியது. மூன்றாம் நாள் இரண்டும் சேர்ந்துவிட்டன. நாலாம் நாள் ஸ்கேலை எடுத்துவிட்டேன். விரல் தானாக நடந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "சார், நான் வாசிக்கிறேன்" என்றாள். வாசிப்பது என்றால் இதுதான் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிட்டது. நினைக்க வைத்தவன் அவள் தலையில் கைவைத்து, "சூப்பரு ஆத்தா" என்றேன்.

அதிகாரி வந்தார். செருப்பை விட்டார், பாயில் உட்கார்ந்தார். நான் பாண்டீஸ்வரியை அனுப்பினேன். அவள் வாசித்தாள். சந்தைக்குப் புறப்பட்ட ஆடு வழியில் மழையைக் கண்டு, குடைக்காரனிடம் ஒதுங்கி, சந்தைக்கே போகாமல் வீடு திரும்பியது. விரல் ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்லா வாசிச்சீங்க என்றார். நான் மூச்சை விட்டேன்.

அப்புறம் சட்டைப்பையில் கையை விட்டு ஒரு போஸ்ட் கார்டை எடுத்தார். நடுவில் ஒரு சொல் தெரிகிற அளவுக்குச் சின்னதாக, பிளேடால் ஜன்னல் வெட்டியிருந்தது. இதைப் பற்றிக் கண்டக்டர் சொல்லவில்லை. பாடத்தின் முதல் பக்கத்துக்குத் திருப்பி, கார்டை அதன் மேல் வைத்தார். மற்ற வரியெல்லாம் மறைந்து, ஜன்னலுக்குள் 'குடை' மட்டும் நின்றது.

"இது என்னங்க?" என்று கேட்டார்.

பாண்டீஸ்வரி ஜன்னலைப் பார்த்தாள். விரலைக் கார்டின் மேல் கொண்டுபோய் இடது ஓரத்தில் வைத்தாள். உதடு மட்டும் அசைய, 'ஒரு ஊரில் ஓர் ஆடு' என்று முதலிலிருந்து தொடங்கினாள். வெற்றுக் கார்டின் மேல் விரல் சொல் சொல்லாகத் தாவியது. மறைந்து கிடக்கிற வரிகளை அவள் எண்ணிக்கொண்டு வந்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை. நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஜன்னலில் சரியாக விழுந்துவிடக் கூடாதா என்று. ஒரு சொல் முன்னாலேயே நின்றுவிட்டது. "மழை" என்றாள்.

அவர் கார்டை வேறொரு சொல்லுக்கு நகர்த்தினார். அவள் மறுபடி ஒரு ஊரிலிருந்து தொடங்கினாள். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வெளியே பந்தலில் யாரோ, "என்ன, சத்தத்தையே காணோம்" என்றது கேட்டது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளிடம், போய் உட்காருங்க கண்ணு என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்கு என்ன சார்?" என்றார்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வரி போதும். எழுத்து சொல்லிக்கொடுக்கவில்லை சார். அவர் திட்டியிருக்கமாட்டார். இப்போது நினைத்துப் பார்த்தால், அவர் அதற்காகத்தான் கேட்டார் என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் என் வாய் எப்போதும் என்னைவிட வேகம்.

"கண்ணு சரியில்லைங்க சார். சின்ன எழுத்து தெரிய மாட்டேங்குது. வீட்ல சொல்லியிருக்கேன்."

அவர் குறிப்பேட்டில் வாசித்துக்கொண்டே எழுதினார். மாணவி பாண்டீஸ்வரிக்குக் கண் பரிசோதனை செய்து பதினைந்து நாளில் அறிக்கை அனுப்பவும். எழுதி முடித்து, மூடி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பொய் சொன்னால் அதோடு விடுமா? அறிக்கை அனுப்ப வேண்டும். வேலுச்சாமியைக் கூப்பிட்டுவிட்டு, பிள்ளைக்குக் கண்ணில் ஏதோ கோளாறு போலத் தெரிகிறது, தேனிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு என்றேன். அவர் பதறிவிட்டார். அறுப்பு நடக்கிற நேரம், வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கே போனார். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் கூசி, ஒரு பகல் முழுக்க அவள் கண்ணைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம்.

மறுநாள் காலை வேலுச்சாமி வந்தார். சீட்டை நீட்டினார். பார்வை இயல்பு நிலை என்று எழுதியிருந்தது.

"கண்ணு ரெண்டும் பளிச்சுன்னு இருக்குன்னு சொல்லிட்டாக சார்" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அப்ப பழுது எங்கன சார் இருக்கு?" என்று கேட்டார்.

குத்திக் கேட்கவில்லை. அவருக்கு அப்படிக் கேட்கத் தெரியாது. தெரியாமல்தான் கேட்டார். வாத்தியாருக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கண்ணு நல்லாருந்தா நல்லதுதானய்யா. நாளைக்கு மாப்பிள்ளைய அவளே பாத்துக்கிருவா" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவர் வேலைக்குப் போனார். என் வேடிக்கைப் பேச்சுக்கு எத்தனையோ பேர் சிரித்திருக்கிறார்கள். அந்த ஒரு சிரிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட முடியாதா என்று இன்னும் நினைக்கிறேன்.

அதிகாரிக்கு அறிக்கை எழுதினேன். கண் பரிசோதனை செய்யப்பட்டது, குறை சரிசெய்யப்பட்டது, மாணவி தற்போது நன்கு வாசிக்கிறாள். அடிக்கோடு எல்லாம் நேராக இருந்தது. மறுபடி கார்டை எடுத்துக்கொண்டு வருவார் என்று பயந்துகொண்டிருந்தேன். வருவதற்குள் அவருக்கு மாறுதல் வந்துவிட்டது. எங்கள் வட்டாரத்தில் ஆசிரியர்கள் இனிப்பு வாங்கிச் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

அதன் பிறகாவது நான் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கார்த்திகா டீச்சர் கேட்டால் என்ன சொல்வது என்று பல காரணங்களை யோசித்து வைத்திருந்தேன். ஐந்து வகுப்பு, ஒரு ஆள். தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை, அரிசி மூட்டை. எல்லாம் மெய். ஆனால் விரலுக்குச் சொல்லிக்கொடுக்க அதே ஆளுக்கு நாலு நாள் கிடைத்தது. அதே நாலு நாளில் அதே ஸ்கேலைக் காட்டி 'அ'வில் தொடங்கியிருந்தால் பத்து எழுத்தாவது ஏறியிருக்கும். அவள் காதுக்குப் பத்து எழுத்து ஏறினால் மிச்சம் தானாக வந்திருக்கும். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஜன்னல் ஞாபகம் வந்தது. அதனால் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன். அவளும் அதற்குப் பிறகு முன்னால் வந்து நின்று சொல்லவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக வாயை அசைத்தாள்.

ஐந்தாம் வகுப்பு முடிந்து மாற்றுச் சான்றிதழ் கொடுத்தேன். மதிப்பெண் பட்டியலில் தமிழ் வாசிப்பு: நன்று. என் கையெழுத்துத்தான்.

ஆறாம் வகுப்புக்கு ஓடைப்பட்டிக்குப் போனாள். அங்கே தமிழ் டீச்சர் எழுந்து வாசிக்கச் சொன்னபோது, "எனக்குக் கண்ணு சரியில்லை டீச்சர்" என்றிருக்கிறாள். அவர் இரக்கப்பட்டு முதல் பெஞ்சுக்கு மாற்றியிருக்கிறார். முதல் பெஞ்சிலும் கண் சரியில்லை. கண்ணாடி வாங்கித் தரச்சொல்லி வேலுச்சாமிக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். வேலுச்சாமி பத்திரமாக வைத்திருந்த அந்தப் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். அன்றைக்கு வகுப்பில் எல்லார் முன்னாலும் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அதற்கு மறுநாளிலிருந்து அவள் போகவில்லை. அந்தப் பொய்யை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. நான் சொன்னதில் அவள் மறக்காமல் வைத்துக்கொண்டது அது. கேட்டது ஒரே தடவைதான்.

அரையாண்டுப் பரீட்சைக்கு முன்பே அவளைப் பந்தலில் பார்த்தேன். திராட்சைக் குலையில் நெருக்கமாக இருக்கிற சின்னக் காய்களை விலக்கிக் கத்தரிக்கிற வேலை. நான் சைக்கிளை நிறுத்தி, "என்ன ஆத்தா, படிப்பு கசந்துருச்சா?" என்றேன். அவள் குலைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் மணியடித்துவிட்டுப் போய்விட்டேன்.

இனி இந்த மாதத்துக் கதை. நான் வகுப்பில் உட்கார்ந்திருந்த அன்று சாயங்காலம், பள்ளி விடுகிற நேரத்துக்கு ஒரு பெண் மொபெட்டில் வந்து வாசலில் நிறுத்தினாள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. தோட்டத்திலிருந்து நேராக வருகிறாள் என்று தெரிந்தது. பாண்டீஸ்வரி. எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. "நல்லாருக்கீகளா சார்" என்றாள். நல்லாருக்கேன் என்றேன். அதோடு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வகுப்பிலிருந்து ஒரு பெண்பிள்ளை பையோடு ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. பெயர் கயல். கார்த்திகா டீச்சர் பின்னாலேயே வந்து, பெற்றோர் கூட்டம் பற்றிய அறிவிப்புத் தாளைப் பாண்டீஸ்வரியிடம் கொடுத்தார். அவள் அதைப் பார்க்கவே இல்லை. வாங்கின கையோடு மகளிடம் நீட்டினாள். இரண்டு பேருக்கும் பழக்கமான காரியம்போல இருந்தது. கயல் தாளை மொபெட் சீட்டில் விரித்துவைத்து வாசித்தது. 'மேலாண்மை' என்ற இடத்தில் முட்டியது. பின்னால் போய், மே, லா, ண், மை என்று ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து, கூட்டி, மறுபடி வரியின் தொடக்கத்திலிருந்து வாசித்து முடித்தது. இரண்டு இடத்தில் தடுமாறியது. எவ்வளவு அழகான தடுமாற்றம். பாண்டீஸ்வரி தாளைப் பார்க்கவில்லை, மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "வெள்ளிக்கெழமையா டீச்சர்? வந்துர்றேன்" என்றாள்.

கார்த்திகா டீச்சர் உள்ளே போய்விட்டார். எனக்குப் பேருந்துக்கு நேரம் இருந்தது. நான் மொபெட் பக்கத்தில் போய் நின்றேன். இருபது வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். உன் கண்ணில் ஒன்றும் இல்லை ஆத்தா, பழுது என்னிடம்தான் இருந்தது, உனக்கு எழுத்துச் சொல்லித் தராமல் விரலை ஆட்டச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான், உங்கப்பனிடம் பொய் சொன்னேன் என்றேன். இடையில் ஒரு வேடிக்கையையும் நுழைத்தேன் என்று நினைக்கிறேன், வாய் பழக்கம். அவள் சிரிக்கவில்லை. பையை முன்னால் கொக்கியில் மாட்டினாள். பிள்ளையின் செருப்பு வாரைச் சரிசெய்தாள். எல்லாம் அவளுக்கு முன்பே தெரிந்த செய்திபோல இருந்தது.

நானே மேற்கொண்டு பேசினேன்.

"இப்ப சும்மாதான் ஆத்தா இருக்கேன். சாயங்காலம் சாயங்காலம் உங்க வீட்டுக்கு வர்றேன். ரெண்டே மாசம், உன்னைய வாசிக்க வச்சிர்றேன். பக்கத்துல உம் மகளையும் உக்கார வையி, அவளுக்கும் சேத்தே சொல்லித் தர்றேன்."

அவள் பிள்ளையைத் தூக்கி முன்னால் நிறுத்தி, வண்டியைக் கிளப்பிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எம் பிள்ளைக்கு மட்டும் நீங்க சொல்லிக் குடுத்துறாதீக சார்."